ரூத் கார்டன் தாமதமாக வரவில்லை

1969 ஏப்ரல் 14, லாஸ் ஏஞ்சலஸ். 'ரோஸ்மேரீஸ் பேபி' படத்துக்காகச் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கரை வாங்க மேடையேறிய ரூத் கார்டனுக்கு அப்போது வயது 72. "இந்த மாதிரி ஒன்று கிடைப்பது எவ்வளவு ஊக்கமாக இருக்கிறது என்று சொல்லி மாளாது" என்று ஆரம்பித்தார். ஒரு புதுமுகம் சொல்ல வேண்டிய வசனம். அரங்கம் சிரித்தது. முதல் படத்தில் நடித்தது 1915இல், இப்போது 1969 ஆகிவிட்டது, ஏன் இவ்வளவு நாளானது என்று தெரியவில்லை, நான் ஒன்றும் மந்தமில்லை என்றுதான் நினைக்கிறேன் என்றார். தயாரிப்பாளர், இயக்குநர், கூட நடித்த மியா ஃபேரோ என்று பெயர் சொல்லி நன்றி. எனக்கு ஓட்டுப் போட்டவர்களுக்கும் நன்றி. போடாதவர்கள் தயவுசெய்து மன்னிக்கவும்.

சின்னப் பேச்சுதான். ஆனால் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், சிரிப்பை எந்த வார்த்தையில் வைக்க வேண்டும், கடைசி வரியை எதற்காகச் சேமிக்க வேண்டும் என்று எல்லாம் அளந்து செய்தது. வசனம் எழுதிப் பிழைத்தவர் என்பது அந்தப் பேச்சிலேயே தெரிந்துவிடுகிறது.

இவரைப் பற்றி இணையத்தில் சுற்றும் கதை வேறு மாதிரி. 'எழுபது வயதுக்கு மேல் ஜெயித்த பாட்டி', 'வயது வெறும் எண்' என்று பூங்கொத்துப் படத்துடன் குடும்பக் குழுமங்களில் வருமே, அந்த ரகம். எனக்கு அந்தக் கதை மேல் கொஞ்சம் எரிச்சல் உண்டு. ரூத் கார்டன் எழுபது வயதுவரை எங்கோ காத்துக் கிடந்தவர் போலவும், அதிர்ஷ்டம் கடைசி பஸ்ஸில் வந்து இறங்கியது போலவும் அது சொல்கிறது. நடந்தது அதுவல்ல. ஆஸ்கர் வாங்குவதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே அவர் நியூயார்க் நாடக உலகின் பெரிய நட்சத்திரம். இருபது ஆண்டுகள் முன்பே ஹாலிவுட்டின் முதல்தரத் திரைக்கதை எழுத்தாளர்களில் ஒருவர். மூன்று முறை எழுத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை வாங்கியவர். தாமதித்தது கேமராதான்.

மசாசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் க்வின்ஸியில் 1896 அக்டோபர் 30 அன்று பிறந்தவர். முழுப்பெயர் ரூத் கார்டன் ஜோன்ஸ். அப்பா கிளின்டன் ஜோன்ஸ் ஒரு காலத்தில் கப்பல்காரர். மகள் வளர்ந்த காலத்தில் கடலை விட்டுக் கரையேறி, ஓர் உணவுத் தொழிற்சாலையில் மேற்பார்வை வேலையில் இருந்தார். சம்பளம் கைக்கும் வாய்க்குமாக. பள்ளிப் பருவத்தில் ரூத் பாஸ்டன் போய் ஒரு இசை நாடகம் பார்க்கிறார். அதில் கதாநாயகி ஹேஸல் டான். அவ்வளவுதான், அன்றோடு முடிவாகிவிட்டது. அந்த நடிகைக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டார். அதற்குப் பதிலும் வந்தது.

மகள் நடிகையாகப் போகிறேன் என்றால் 1912, 13 வாக்கில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து வட்டாரத்து ஒரு கறார் அப்பா என்ன செய்வார்? கத்தினார். அப்புறம் பணம் கொடுத்தார். நியூயார்க்கில் இருந்த அமெரிக்க நாடகக் கலைக் கழகத்தில் ஓராண்டுப் படிப்புக்கு அவர்தான் கட்டணம் கட்டினார். ஆண்டு முடிவில் கழகம் ரூத்தை மறுபடி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டது: இந்தப் பெண்ணிடம் தேறும் அறிகுறி எதுவும் தெரியவில்லையாம்.

ஊருக்குத் திரும்பவில்லை. நியூயார்க்குக்கு அக்கரையில், நியூ ஜெர்சியின் ஃபோர்ட் லீயில் அப்போது மௌனப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் ஒருத்தியாக நின்று காசு பார்த்தார். ஆஸ்கர் மேடையில் சொன்ன 1915 அதுதான். அதே ஆண்டு டிசம்பரில் மாட் ஆடம்ஸ் நடித்த 'பீட்டர் பேன்' நாடகத்தில், தொலைந்த பையன்களில் ஒருவனாக, நிப்ஸ் என்ற சின்ன வேடத்தில், நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் கால் வைத்தார். நியூயார்க் டைம்ஸின் அலெக்ஸாண்டர் உல்காட் தன் விமர்சனத்தில் ஒரு வரி ஒதுக்கி, நிப்ஸாக வந்த பெண் ஏகக் குதூகலம் என்று எழுதினார். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு அந்த ஒரு வரி போதும்.

கால் வைத்தார் என்றேன். அந்தக் கால்களைப் பற்றி ஒரு சமாச்சாரம் உண்டு. ரூத்துக்குப் பிறவியிலேயே முழங்கால்கள் வெளிப்பக்கம் வளைந்திருந்தன. பாவாடை உயரம் ஆண்டுக்கு ஆண்டு மேலே போய்க்கொண்டிருந்த காலம். மேடையில் மறைக்க முடியவில்லை. 1920 டிசம்பரில் சிகாகோவில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்து, இரண்டு கால் எலும்புகளையும் உடைத்து நேராக வைத்துக் கட்டச் சொன்னார். அன்றைய மயக்க மருந்தையும் அன்றைய அறுவை மேசையையும் நினைத்துக்கொள்ளுங்கள். கட்டுப் போட்டுப் படுத்திருந்துவிட்டு மறுபடி நடக்கப் பழகி மேடைக்கு வந்தார். இதைத் தியாகம் என்று பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. நடிகைக்கு இப்படி ஒரு விலை வைத்த தொழிலைப் பற்றித்தான் கோபம் வருகிறது. ஆனால் அவர் பிற்காலத்தில் அதைச் சொல்லும்போது புலம்பல் தொனியே கிடையாது. செய்ய வேண்டியிருந்தது, செய்தேன். அவ்வளவே.

அடுத்த இருபது ஆண்டுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கூட நடித்த கிரெகரி கெல்லியை 1921இல் மணந்தார். அவர் 1927இல் இதய நோயில் இறந்துபோனார். அதே ஆண்டு மேக்ஸ்வெல் ஆண்டர்சனின் 'சாட்டர்டேஸ் சில்ட்ரன்' நாடகத்தில் நடித்த பிறகுதான், இது சும்மா விளையாட்டுப் பெண் இல்லை என்று விமர்சகர்கள் ஒப்புக்கொண்டார்கள். பிராட்வேயின் பெரும்புள்ளியும் பெரும் கொடுமைக்காரர் என்று பெயரெடுத்தவருமான ஜெட் ஹாரிஸுடன் உறவு; 1929இல் பாரிஸில் ஒரு மகன் பிறந்தான். கல்யாணமாகவில்லை. அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. 1936இல் மட்டும் இரண்டு உச்சங்கள்: நியூயார்க்கில் 'ஈத்தன் ஃப்ரோம்', லண்டனின் ஓல்ட் விக் அரங்கில் 'தி கன்ட்ரி வைஃப்'. 1675ஆம் ஆண்டுக் குறும்பு நாடகம் ஒன்றை, அதுவும் ஆங்கிலேயரின் சொந்தச் சொத்தை, க்வின்ஸிக் குரலோடு ஓர் அமெரிக்கப் பெண் அவர்கள் மேடையிலேயே நடித்துக் கைதட்டு வாங்கினார். கூட நடித்தவர்கள் ஈடித் எவன்ஸும் மைக்கேல் ரெட்கிரேவும். அடுத்த ஆண்டு இப்சனின் 'பொம்மை வீடு'. ஆங்கிலத்தில் அதைப் புதிதாக ஆக்கிக் கொடுத்தவர் தார்ன்டன் வைல்டர்; நியூயார்க்கில் 144 காட்சிகள் ஓடியது.

இவ்வளவுக்கும் சினிமா அவரைக் கண்டுகொள்ளவில்லை. 1940இல் ஆபிரகாம் லிங்கனின் மனைவி மேரி டாட் வேடம். அடுத்த ஆண்டு கிரெட்டா கார்போவின் கடைசிப் படத்தில் ஒரு செயலாளர். 1943இல் இரண்டு போர்ப் படங்கள். பிறகு நிறுத்திக்கொண்டார். அடுத்து அவர் முகம் திரையில் தெரிய இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின. அன்றைய ஹாலிவுட்டின் அழகு இலக்கணத்தில் அந்த முகத்துக்கு இடமில்லை. கண்ணைச் சுருக்கினால் குறும்பு, விரித்தால் திகில். குரலோ மூக்கிலிருந்து வருவது. நாற்பது வயது நடிகைக்குத் திரையில் என்ன வேலை கொடுப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இன்றைக்கு மட்டும் தெரிகிறதா என்று கேட்டால் அது தனிக் கட்டுரை.

அந்த இருபத்திரண்டு ஆண்டு இடைவெளியில்தான் அவர் எழுதினார்.

1942 டிசம்பரில் கார்சன் கானினைத் திருமணம் செய்துகொண்டார். மணமகளுக்கு 46, மணமகனுக்கு 30. கானின் ஏற்கெனவே ஹாலிவுட்டில் படம் இயக்கியவர், அப்போது ராணுவத்தில் இருந்தார். ராணுவத்தானைக் கட்டிக்கொண்டு முகாம் ஓரக் குடியிருப்பில் ஒண்டும் ஒரு பிரபல பெண் எழுத்தாளரைப் பற்றி ரூத் தனியாக ஒரு நகைச்சுவை நாடகம் எழுதினார்: 'ஓவர் ட்வென்டி ஒன்'. டாரதி பார்க்கரை மனதில் வைத்து எழுதியது. 1944இல் அரங்கேறியது, தானே கதாநாயகி. நடிகைக்கு வேடம் வரவில்லையென்றால் வேடத்தை அவளே எழுதிக்கொள்வதுதான் வழி என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் இல்லை.

பிறகு கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து நான்கு திரைக்கதைகள். 'எ டபுள் லைஃப்' (1947), 'ஆடம்ஸ் ரிப்' (1949), 'தி மேரியிங் கைண்ட்' (1952), 'பேட் அண்ட் மைக்' (1952). நான்கையும் இயக்கியவர் ஜார்ஜ் க்யூகர். முதல் படம் ஒதெல்லோ வேடம் போட்டுப்போட்டு அந்த வெறி தலைக்கேறிக் கொலை செய்யும் நடிகனைப் பற்றியது. ரொனால்ட் கோல்மனுக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்தது. நல்ல படம்தான், ஆனாலும் நான் நிற்க விரும்பும் இடம் 'ஆடம்ஸ் ரிப்'.

அதன் விதை நிஜமாக நடந்தது. ரேமண்ட் மேஸி என்ற நடிகரும் அவர் மனைவி ஏட்ரியன் ஆலனும் விவாகரத்துக்குப் போனார்கள். இருவருக்கும் வக்கீல்களாக இருந்தவர்கள் கணவன் மனைவி. வழக்கு முடிந்த பிறகு வக்கீல் தம்பதியும் பிரிந்து, ஆளுக்கொரு கட்சிக்காரரை மணந்துகொண்டார்கள். சினிமாவில் காட்டினால் நம்ப மாட்டோம். மேஸி வேறு யாருமில்லை. 'ஈத்தன் ஃப்ரோம்' நாடகத்தில் ரூத்தின் ஜோடி, லிங்கன் படத்தில் லிங்கன். ஆக கதை ரூத்துக்கு அடுத்த வீட்டு வம்பு மாதிரி. ஒரே வழக்கில் எதிரெதிராக நிற்கும் வக்கீல் தம்பதி, நடிக்க ஸ்பென்சர் ட்ரேசியும் கேதரின் ஹெப்பர்னும். வம்பைத் திரைக்கதையாக மாற்ற இவ்வளவு போதுமாக இருந்தது.

கணவன் வேறொருத்தி வீட்டில் இருக்கும்போது பின்தொடர்ந்து போய்த் துப்பாக்கியால் சுடுகிறாள் டோரிஸ் என்ற பெண். கண்ணை மூடிக்கொண்டுதான் சுடுகிறாள். ஆள் காயத்தோடு தப்பிக்கிறான். அரசுத் தரப்பு வக்கீல் ஆடம். அவளுக்காக வாதாட வருபவர் ஆடமின் மனைவி அமாண்டா. இதையே ஒரு ஆண் செய்திருந்தால், குடும்பத்தைக் காப்பாற்றினான் என்று ஊர் அவனைத் தட்டிக்கொடுத்து அனுப்பியிருக்கும், பெண்ணுக்கு மட்டும் ஏன் வேறு சட்டம் என்பது அவர் வாதம். 1949இல்!

சிறையில் அமாண்டா டோரிஸைப் பார்க்கும் காட்சி ஒன்று இருக்கிறது. பல நிமிடங்கள், வெட்டே இல்லாத ஒரே ஷாட். கேமரா அசையாமல் டோரிஸாக நடித்த ஜூடி ஹாலிடேயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பெரிய நட்சத்திரமான ஹெப்பர்ன் முகத்தைத் திருப்பிக்கொண்டு இடத்தை விட்டுக்கொடுக்கிறார். அதற்கு ஒரு காரணமும் உண்டு. கானின் எழுதிய 'பார்ன் யெஸ்டர்டே' நாடகத்தில் பிராட்வேயைக் கலக்கியவர் ஹாலிடே. ஆனால் கொலம்பியா நிறுவனத்தின் ஹாரி கோன் படத்துக்கு அவரைப் போட மறுத்துக்கொண்டிருந்தார். சரி, இந்தப் பெண்ணைத் திரையில் எப்படி இருப்பாள் என்று காட்டிவிடுவோம் என்று எழுத்தாளர்களும் இயக்குநரும் ஹெப்பர்னும் சேர்ந்து செய்த கூட்டுச்சதி அந்தக் காட்சி. பலித்தது. ஹாலிடே வேடத்தை வாங்கினார், அடுத்து ஆஸ்கரையும் வாங்கினார்.

எனக்கு அந்தக் காட்சியில் பிடித்தது எழுத்து. டோரிஸ் நடந்ததைச் சொல்கிறாள். எங்கே போனாள், என்ன வாங்கினாள், என்ன தின்றாள். பெரிய துக்கத்தைச் சொல்லும்போது மனிதர்கள் சில்லறை விவரங்களைத்தான் பிடித்துக்கொள்வார்கள். கணவனைச் சுட்ட பிறகு எப்படி உணர்ந்தாய் என்று வக்கீல் கேட்க, பசித்தது என்கிறாள். சிரிப்பு வருகிறது. சிரித்து முடிப்பதற்குள் அந்தப் பெண்ணின் நாள் முழுவதும் நம் கண் முன் நிற்கிறது. மேடையில் இருபது ஆண்டு நின்று, எந்தச் சொல்லுக்கு அரங்கம் அசையும், எதற்குக் கனைக்கும் என்று உடம்பால் அறிந்த ஒருவருக்கு வரும் வசனம் இது. கானினின் பங்கைக் குறைத்துச் சொல்லவில்லை, அவரும் கெட்டிக்காரர். ஆனால் திரையில் பெயர் வரும்போது ரூத் கார்டன் முதலில், கார்சன் கானின் அடுத்து. அது மரியாதைக்காக மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

'தி மேரியிங் கைண்ட்' இவ்வளவு பேசப்படுவதில்லை. வருத்தம்தான். தபால் துறையில் வேலை பார்க்கும் ஒருவனும் அவன் மனைவியும் விவாகரத்துக்காக ஒரு பெண் நீதிபதி முன் உட்கார்ந்து தங்கள் கதையைச் சொல்கிறார்கள். இருவர் சொல்வதும் திரையில் வருவதும் ஒட்டுவதில்லை. அந்த இடைவெளியில் சிரிப்பு. நடுவில் ஒரு விடுமுறை நாள் சிற்றுலா. மனைவி புல்தரையில் உட்கார்ந்து சின்ன கிட்டார் வைத்துப் பாடிக்கொண்டிருக்கிறாள், பின்னால் ஆட்கள் ஓடுகிறார்கள், அவர்கள் பையன் தண்ணீரில் மூழ்கிப்போகிறான். எந்த முன்னறிவிப்பும் கிடையாது. நகைச்சுவைப் படம் பார்க்க வந்தவர்களை இப்படிச் செய்ய 1952இல் துணிச்சல் வேண்டும். இப்போதும் வேண்டும்.

இதற்கெல்லாம் நடுவே ரூத் தனியாக ஒன்று செய்தார். தன் அப்பாவை எழுதினார். 1946இல் 'இயர்ஸ் அகோ' என்ற நாடகம்: க்வின்ஸி வீடு, பணக் கஷ்டம், நடிகையாகத் துடிக்கும் பெண், ஹேஸல் டானுக்குப் போட்ட கடிதம், கப்பல் காலத்து ஞாபகமாகத் தான் பொக்கிஷமாக வைத்திருந்த தொலைநோக்கியை மகள் கையில் கொடுத்து விற்றுக்கொள்ளச் சொல்லும் அப்பா. பெயரைக்கூட மாற்றவில்லை. அந்த அப்பா வேடத்துக்காக ஃப்ரெட்ரிக் மார்ச் நாடகத்துக்கான டோனி விருது வாங்கினார். அது டோனி விருதுகள் தொடங்கிய முதல் ஆண்டு. பிறகு ரூத்தே அதை 'தி ஆக்ட்ரஸ்' (1953) என்று திரைக்கதையாக்கினார். ஜீன் சிம்மன்ஸ் ரூத்தாக, ஸ்பென்சர் ட்ரேசி அப்பாவாக. படம் வசூலில் விழுந்தது. ட்ரேசிக்குக் கோல்டன் குளோப் கிடைத்தது.

தன் கதையை எழுதும் நடிகைகள் தன்னைத்தான் நடுவில் வைப்பார்கள் என்று எதிர்பார்ப்போம். இங்கே பெண் மேடைக் கனவில் உளறிக்கொண்டு ஓரமாக ஓடுகிறாள். அப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கூச்சலிட்டுக்கொண்டு நாற்காலியையும் படத்தையும் நிரப்புகிறார். விருது வாங்கும் அளவுக்கான வேடத்தை அவர் தனக்கு எழுதிக்கொள்ளவில்லை, அப்பாவுக்கு எழுதினார். அதுவும் இரண்டு முறை.

நடிப்பை அவர் விட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தார்ன்டன் வைல்டர், 1938இல் தோற்றுப்போன தன் நாடகம் ஒன்றைத் திருத்தி 'தி மேட்ச்மேக்கர்' ஆக்கினார். எடின்பரோவிலும் லண்டனிலும் போட்டுவிட்டு 1955இல் நியூயார்க் வந்தது. கல்யாணத் தரகி டாலியாக ரூத். 486 காட்சிகள். பின்னாளில் இசை நாடகமாகி உலகத்தைச் சுற்றிய 'ஹலோ, டாலி!' இதிலிருந்து பிறந்ததுதான்.

1965இல் திரைக்குத் திரும்பினார். 'இன்சைட் டெய்ஸி க்ளோவர்' படத்தில் நாட்டலி வுட்டின் மனம் பிசகிய அம்மா. நடிப்புக்காக முதல் ஆஸ்கர் பரிந்துரை, ஒரு கோல்டன் குளோப். அடுத்து மூன்று ஆண்டுகளில் 'ரோஸ்மேரீஸ் பேபி'.

மின்னி காஸ்டவெட்டைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். நியூயார்க் அடுக்ககத்தில் பக்கத்து வீட்டு அம்மாள். உதட்டுச் சாயம், கன்னத்தில் ரூஜ், கை நிறைய வளையல். கதவைத் தட்டாத நாள் கிடையாது. உள்ளே வந்ததும் கண் நாற்காலியிலும் திரைச்சீலையிலும் மேய்கிறது, இது என்ன விலை, அது என்ன விலை. கர்ப்பிணிப் பெண்ணுக்குத் தினம் ஒரு பானம் கலந்து கொண்டுவருகிறார், குடித்து முடிக்கும்வரை நிற்கிறார். இவர் சாத்தானின் ஆள். பேய்ப்படத்தில் வரும் சூனியக்காரிக்கு வழக்கமாக என்னென்ன செய்வார்களோ அதில் ஒன்றைக்கூட ரூத் செய்யவில்லை. தாழ்ந்த குரல் இல்லை, முறைப்பு இல்லை. தொணதொணப்பு மட்டும்தான். அன்பு என்ற பெயரில் மூச்சு முட்டவைக்கும் உபகாரம். நம் எல்லோருக்கும் அப்படி ஒரு அத்தையைத் தெரியும் என்பதுதான் அந்த வேடத்தின் பயங்கரம்.

கடைசிக் காட்சி. தொட்டிலில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்ட ரோஸ்மேரியின் கையிலிருந்து கத்தி நழுவி மரத்தரையில் குத்தி நிற்கிறது. உலகமே தலைகீழாகிப்போன அந்தக் கணத்தில் மின்னி விரைந்து வந்து கத்தியைப் பிடுங்குகிறார், பிறகு தரையில் விழுந்த கீறலை விரலால் தேய்த்துப் பார்க்கிறார். தரை பாழாகிவிட்டதே! இரண்டு விநாடி இருக்கும். யார் யோசனை என்று தேடிக்கொண்டிருக்கத் தேவையில்லை. அதை அந்த விரலால் வேறு யாரும் செய்திருக்க முடியாது. பசித்தது என்று டோரிஸுக்கு எழுதினாரே, அதே புத்திதான் இங்கே நடிப்பாக வருகிறது. பெரிய விஷயம் நடக்கும்போது மனிதர் சின்ன விஷயத்தைப் பார்ப்பார்.

மூன்று ஆண்டுகள் கழித்து 'ஹெரால்ட் அண்ட் மாட்' (1971). எழுதியவர் காலின் ஹிக்கின்ஸ், அப்போதுதான் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமா படித்து வந்த இளைஞர். இயக்கம் ஹால் ஆஷ்பி. சாவோடு விளையாடும் பணக்காரப் பையன் ஹெரால்ட், எண்பதைத் தொடப்போகும் மாட். இருவரும் முன்பின் தெரியாதவர்களின் இறுதிச் சடங்குகளுக்குப் போகும் பழக்கம் உள்ளவர்கள், அங்கேதான் சந்திக்கிறார்கள். காதலிக்கிறார்கள். ஆமாம், அந்தக் காதல்தான். கிறிஸ்துமஸ் சமயத்தில் வெளிவந்து கழுவி ஊற்றப்பட்டது. தீப்பிடித்து எரியும் அனாதை விடுதி அளவுக்குத்தான் இதில் கேளிக்கை இருக்கிறது என்று 'வெரைட்டி' பத்திரிகை எழுதியது. விமர்சகர் ரோஜர் ஈபர்ட் ஒன்றரை நட்சத்திரம் கொடுத்தார்.

ஆனால் கல்லூரிப் பிள்ளைகள் விடவில்லை. மினியாபொலிஸுக்கு அருகே ஈடைனாவில் வெஸ்ட்கேட் என்ற தியேட்டரில் இந்தப் படம் 115 வாரங்கள் ஓடியது. வேறு படம் போடச் சொல்லி அக்கம்பக்கத்தார் பதாகை பிடித்து வாசலில் நின்றார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ரூத்தும் ஹெரால்டாக நடித்த பட் கார்ட்டும் அந்தத் தியேட்டருக்கு நேரில் போய் வந்தார்கள். படம் லாபம் பார்க்க 1983 ஆனது. 1997இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

மாட் பாத்திரத்தை 'வாழ்க்கையைக் கொண்டாடும் பாட்டி' என்று சுருக்குகிறவர்கள் படத்தைப் பாதி தூக்கத்தில் பார்த்தவர்கள் என்பேன். நடுவில் ஒரு இடத்தில் அவர் கையில் பச்சை குத்தின எண் தெரிகிறது. நாஜி வதைமுகாம் எண். ஹெரால்ட் பார்க்கிறான், நாமும் பார்க்கிறோம், உடனே காட்சி நகர்ந்துவிடுகிறது. படம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. இந்தப் பெண் ஏன் யாருடைய காரையும் எடுத்துக்கொண்டு போகிறாள், ஏன் நகரத்து மரத்தைப் பிடுங்கிக் காட்டில் நடப்போகிறாள், ஏன் போலீஸ்காரனை மதிப்பதே இல்லை என்பதெல்லாம் அந்த நொடிக்குப் பிறகு வேறாகத் தெரிகிறது. ரூத் அதை முன்கூட்டிக் காட்டிக்கொடுப்பதே இல்லை. கண்ணில் சோகத்தைத் தேக்கி வைத்துக்கொண்டு நடிப்பது சுலபம். எந்த நடிகையும் அதற்கு ஆசைப்படுவார். ரூத் மாட்டைச் சும்மா அவசரத்தில் இருக்கும் பெண்ணாக நடித்தார். நிறைய வேலை இருக்கிறது, நேரம் இல்லை.

பிறகு தொலைக்காட்சி. 1977இல், எண்பது வயதில், 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார். அதே ஆண்டு 'கொலம்போ' தொடரில் கொலைகாரியாக வந்தார்: பிரபல துப்பறியும் கதை எழுத்தாளர் ஒருவர், ஒருவனைப் பெட்டக அறைக்குள் அடைத்துச் சாகவிடுகிறார். எழுத்தாளராக இருந்த நடிகை, எழுத்தாளர் வேடத்தில். கொலம்போவை அந்த அம்மாளுக்கு நிஜமாகவே பிடித்துப்போவதுதான் அந்த அத்தியாயத்தின் ருசி. 1979இல் 'டாக்ஸி' தொடரின் ஓர் அத்தியாயத்துக்கு, தொலைக்காட்சிக்கான எம்மி விருது. கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் ஒராங்குட்டான் படங்களில் துப்பாக்கி தூக்கும் கிழவி வேறு. அவை எனக்குப் பிடிக்காது, ஆனால் அவர் வரும்போது மட்டும் படம் விழித்துக்கொள்ளும்.

நினைவுக் குறிப்புகளாக மூன்று புத்தகங்கள் எழுதினார். வரிசை கிடையாது, 1915இல் ஆரம்பித்த வாக்கியம் 1940ஐத் தொட்டுவிட்டு அம்மா சமையலில் முடியும். பெரிய மனிதர்களின் பெயர்கள் மழை போலக் கொட்டும். ஒழுங்காகப் படிக்க நினைத்தால் தலைசுற்றும், சத்தமாக வாசித்தால் சரியாக இருக்கும். அடிக்கடி சொன்ன ஒரு கொள்கையும் உண்டு: எதையும் விட்டுவிடாதே, நிதர்சனத்தை மட்டும் ஒருபோதும் நேருக்கு நேர் பார்க்காதே. சுவரொட்டியில் போட்டு மாட்டிவிட்டார்கள் அதை. எனக்கு நம்பிக்கை இல்லை. தேறாது என்று கழகம் சொன்னதும் அடுத்த வேளைச் சோற்றுக்கு ஃபோர்ட் லீ போனவர், கால் வளைவு மேடைக்கு ஆகாது என்று கண்டதும் எலும்பை உடைக்கச் சொன்னவர், வேடம் வராது என்று தெரிந்ததும் பேனாவை எடுத்தவர். நிதர்சனத்தை இவ்வளவு உற்றுப் பார்த்த நடிகைகள் குறைவு. அந்த வாசகமும் நல்ல வசனம் என்பதற்காக எழுதியதாக இருக்கும்.

1985 ஆகஸ்ட் 28 அன்று மசாசூசெட்ஸின் எட்கர்டவுனில் பக்கவாதத்தால் இறந்தார். வயது 88. கடைசி நாளும் எப்போதும் போல நிறைந்தே இருந்தது என்று கானின் சொன்னார்: நடை, பேச்சு, சில்லறை வேலைகள், காலையில் ஒரு புதிய நாடகத்தின் எழுத்து வேலை.

பார்க்க ஆரம்பிப்பவர்கள் நேராக மாட்டிடம் போக வேண்டாம். முதலில் 'ஆடம்ஸ் ரிப்', அந்தச் சிறைக் காட்சிக்காகவாவது. அடுத்து 'தி ஆக்ட்ரஸ்'. இரண்டிலும் அவர் முகம் இருக்காது. இருந்தாலும் பார்த்துவிட்டு 'ரோஸ்மேரீஸ் பேபி'க்கு வந்தால் மின்னி கதவைத் தட்டும்போதே ஆளை அடையாளம் தெரியும். 'ஹெரால்ட் அண்ட் மாட்' அதற்கப்புறம். இறந்த மாதத்துக்கு அடுத்த மாதம் வெளிவந்த 'மேக்ஸி'யைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். படம் சுமார்தான், அவர் வரும் இடங்களை மட்டும் பார்த்தால் போதும்.